‘முதலிடம்’ என்று எழுதுவதற்கு முன்: லத்தீன் இசைப் பட்டியல்களைப் படிக்கும் முறை

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீட்டில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இசை கேட்பது எங்கள் வழக்கம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகிறவர்களில் நானும் ஒருவன். அன்று ஒலிக்கப்போகும் பாடல்களுக்கு ஒரு பக்க அறிமுகக் குறிப்பு எழுதிப் படியெடுத்துக் கொண்டுபோவது என் பொறுப்பு. லத்தீன் இசைக்கென்று, அதாவது லத்தீன் அமெரிக்கா, ஸ்பெயின் பக்கத்துப் பாடல்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மாலையில், ‘அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் லத்தீன் பாடல் லா பாம்பா, 1987’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தோட்டத்துக் கணக்கு வழக்குகளைப் பல்லாண்டுகள் பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், தாளைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து வரிவரியாகப் படித்துவிட்டு, “தம்பி, 1955-ல பெரெஸ் பிராடோன்னு ஒருத்தரு பத்து வாரம் மேல உக்காந்திருந்தாருங்களே, அவரை எங்க விட்டீங்க?” என்றார்.

அவர் சொன்னது சரி. கியூபாவில் பிறந்து மெக்சிகோவில் புகழ்பெற்ற பெரெஸ் பிராடோ, ஒரு பிரெஞ்சு மெட்டை மாம்போ தாளத்துக்கு மாற்றி இசைத்த ‘செர்ரி பிங்க் அண்ட் ஆப்பிள் பிளாசம் ஒயிட்’ 1955-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் பாட்டு வரிகளே இல்லை. பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் ஹாட் 100 என்ற பாடல் பட்டியலும் அப்போது பிறக்கவில்லை, அது 1958 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஆகவே நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இது: ‘பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், ஸ்பானிய மொழியில் பாடப்பட்டு முதலிடத்தை அடைந்த முதல் பாடல், 1987-ல் லோஸ் லோபோஸ் குழு பாடிய லா பாம்பா, அது மூன்று வாரம் அங்கே இருந்தது.’ மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதி நாட்டுப்பாடலான இதையே ரிச்சி வாலென்ஸ் பாடியபோது 1959-ல் 22-ஆம் இடம் வரைதான் ஏறியது என்பதையும் சேர்த்திருந்தால், குறிப்புக்குச் சற்று உயிரும் வந்திருக்கும்.

அந்த மாலைக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வினாடி வினா நடத்துகிறவர்கள், கல்லூரி விழாவுக்குப் பாடல் தொகுக்கிறவர்கள், அழகாபுரம் பக்கத்து ஜும்பா வகுப்புகளில் காதில் விழுந்த பாட்டு எது என்று தேடிப்போகிறவர்கள் ஆகியோருக்கும் பயன்படும் என்பதால், அதில் நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டியலின் பெயர்

‘சார்ட்டில் முதலிடம்’ என்று ஒரு செய்தி சொன்னால், எந்தச் சார்ட் என்று தெரியும்வரை அதை நோட்டில் ஏற்ற வேண்டாம். அமெரிக்காவின் பில்போர்டு என்ற ஒரே நிறுவனமே லத்தீன் இசைக்குப் பல பட்டியல்களை வாராவாரம் வெளியிடுகிறது. தனிப் பாடல்களுக்கு ஹாட் லத்தீன் சாங்ஸ். இது 1986-ல் தொடங்கியது. ஆல்பங்களுக்கு டாப் லத்தீன் ஆல்பம்ஸ்; இது 1993 ஜூலையில் வந்தது, அதன் முதல் முதலிடம் குளோரியா எஸ்டெஃபானின் ‘மி தியெர்ரா’. வானொலியில் ஒலித்ததை மட்டும் பார்க்கும் லத்தீன் ஏர்ப்ளே தனியாக இருக்கிறது. அதற்குக் கீழே ரெகேட்டான் போன்ற இசை வகைகளுக்கு ரிதம்; சல்சா, மெரெங்கே, பச்சாட்டா போன்ற ஆட்ட இசை வகைகளுக்கு டிராப்பிக்கல்; மெக்சிகோவின் வட்டார இசைக்கு ரீஜனல் மெக்சிகன்; பிறகு லத்தீன் பாப் என்று கிளைப் பட்டியல்கள் இருக்கின்றன. இவை அனைத்தையும் தாண்டி, எல்லா மொழிப் பாடல்களும் மோதும் பொதுப் பட்டியல்களாகப் பாடல்களுக்கு ஹாட் 100-ம் ஆல்பங்களுக்குப் பில்போர்டு 200-ம் உள்ளன. ஊராட்சியில் வென்றதும் நாடாளுமன்றத்தில் வென்றதும் வெற்றிதான், ஆனால் இரண்டையும் ‘தேர்தலில் வென்றார்’ என்று ஒரே வரியில் எழுதினால் படிப்பவர் ஏமாறுவார்.

‘லத்தீன்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாட் லத்தீன் சாங்ஸ் இன்று பெரும்பாலும் மொழியைப் பார்க்கிறது. பாட்டின் பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும். 1999-ல் சாண்டானாவின் ‘ஸ்மூத்’ ஹாட் 100-ல் பன்னிரண்டு வாரமும், ரிக்கி மார்ட்டினின் ‘லிவின் லா விடா லோகா’ ஐந்து வாரமும் முதலிடத்தில் இருந்தன. இரண்டிலும் லத்தீன் தாளம் துள்ளுகிறது, ஆனால் ஹாட் 100-ல் அங்கே நின்றவை ஆங்கிலப் பாடல்கள். லத்தீன் கிராமி விருதோ, 2000-ல் தொடங்கியதிலிருந்தே ஸ்பானியத்தோடு போர்ச்சுக்கீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மொழியையும் எழுதிவையுங்கள்.

எதை எண்ணினார்கள்?

இந்த வேலையில் அதிகமானோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சேலத்துச் சேகோ ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப்போகிறவரைக் கேட்டால் தெரியும்: அங்கே எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை, கிழங்கில் மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று சோதித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். பாடல் பட்டியலும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு பாட்டு ஒலித்ததெல்லாம் ஒரே மதிப்பு பெறுவதில்லை; இணையச் செயலியில் காசு கட்டிக் கேட்பவரின் ஒரு கேட்பு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவரின் ஒரு கேட்பைவிடக் கூடுதல் எடை பெறும். அதோடு பாட்டை விலை கொடுத்து இறக்கியவர்களின் எண்ணிக்கையும், வானொலியில் அது சென்றடைந்த நேயர் கணக்கும் சேர்கின்றன.

ஹாட் லத்தீன் சாங்ஸ் பட்டியல் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. முதல் இருபத்தாறு ஆண்டுகள் அது வானொலியை மட்டுமே நம்பியிருந்தது. 1994 வரை நிலையங்கள் தாங்களே அனுப்பிய பட்டியலையும், பிறகு கருவி கேட்டுப் பதிந்த கணக்கையும் வைத்துத் தொகுத்தார்கள். 2012 அக்டோபரில் விதி மாறியது. விற்பனையும் ஸ்ட்ரீமிங் என்ற இணையவழிக் கேட்பும் உள்ளே வந்தன, ஸ்பானிய நிலையங்கள் மட்டுமன்றி எல்லா மொழி நிலையங்களின் ஒலிபரப்பும் எண்ணப்பட்டது. பழைய வானொலிக் கணக்கு லத்தீன் ஏர்ப்ளே என்ற பெயரில் தனியே தொடர்ந்தது.

இதன் விளைவை மூன்று பாடல்களில் பார்க்கலாம். 2005-ல் ஷகீரா, அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய ‘லா தோர்த்தூரா’ 25 வாரம் முதலிடத்தில் நின்றது. அன்றைக்கு அது மலைக்கத்தக்க எண்ணிக்கை. 2014-ல் என்ரிகே இக்லேசியாஸின் ‘பைலாந்தோ’ 41 வாரத்தை எட்டியது. 2017-ல் லூயிஸ் ஃபோன்சியும் டாடி யாங்கியும் பாடிய ‘தெஸ்பாசித்தோ’ 56 வாரம், அதாவது ஓர் ஆண்டுக்கும் மேல், முதலிடத்தில் இருந்தது. இதைப் பார்த்தவுடன் ‘தெஸ்பாசித்தோ, லா தோர்த்தூராவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய வெற்றி’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். வானொலி நிலையத்தார் ஒரு பாட்டைக் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, நேயருக்குச் சலித்துவிடுமே என்று மாற்றிவிடுவார்கள். ஆனால் கைப்பேசியில் கேட்பவர் ஒரே பாட்டை வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் ஒவ்வொரு கேட்பும் கணக்கில் ஏறும். ஆகவே 2012-க்கு முன்னும் பின்னும் உள்ள வாரக் கணக்குகளை நேருக்கு நேர் வைக்காமல், நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளவற்றை இந்தப் பக்கத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்பது என் நோட்டின் விதி.

தெஸ்பாசித்தோவிலேயே இன்னொரு முடிச்சும் உண்டு. 2017 ஜனவரியில் வந்த அசல் பாடல், அதன் சொந்த பலத்திலேயே ஹாட் லத்தீன் பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது. ஏப்ரலில் ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடிய ரீமிக்ஸ் வெளியானது. ஹாட் 100-ல் நாற்பதுகளில் நின்றிருந்த பாட்டு ஒரே தாவலில் 9-ஆம் இடத்துக்கு வந்தது, மே மாதத்தில் முதலிடம் பிடித்தது, 16 வாரம் அங்கேயே இருந்து, 1995–96-ல் மரியா கேரியும் பாய்ஸ் டு மென் குழுவும் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தது. இரு வடிவங்களின் கணக்கும் ஒன்றாகவே கூட்டப்பட்டன. 1996-ல் ‘மாக்கரேனா’வுக்கும் இதே கதைதான்: லோஸ் தெல் ரியோ என்ற ஸ்பெயின் நாட்டு இரட்டையர் பாடியதற்கு ஆங்கில வரிகள் சேர்த்து பேசைட் பாய்ஸ் செய்த ரீமிக்ஸ்தான் ஹாட் 100-ல் 14 வாரம் ஆண்டது. எந்த வடிவம் எந்தப் பட்டியலில் ஏறியது என்பதைக் குறிக்காவிட்டால், பாதிக் கதை காணாமல் போய்விடும். ரீமிக்ஸைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குறிப்பில் அது இருக்க வேண்டும்.

உச்சியும் தங்கிய காலமும் தனித்தனியாக

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது என்ற செய்தி வந்தால், நம் பக்கத்து விவசாயி அடுத்துக் கேட்பது தண்ணீர் எத்தனை நாள் அப்படியே நிற்கும் என்பதைத்தான். பாட்டுக்கும் மூன்று கட்டங்கள் போடுங்கள்: தொட்ட உச்ச இடம், முதலிடத்தில் இருந்த வாரங்கள், பட்டியலில் மொத்தமாக இருந்த வாரங்கள். வாரங்கள் தொடர்ச்சியாக அமைந்தனவா, விட்டு விட்டு வந்தனவா என்பதையும் ஓரத்தில் குறிக்கலாம். 2004-ல் வந்த டாடி யாங்கியின் ‘கசோலினா’ ஹாட் 100-ல் 32-ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் ரெகேட்டான் என்ற இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு அது, 2023-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. உச்ச இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

ஆல்பம் என்றால் என்ன கணக்கு?

டாப் லத்தீன் ஆல்பம்ஸ் தொடங்கிய 1993-ல் கணக்கு எளிமையானது. கடையில் பட்டைக்குறியை வருடி விற்ற கேசட்டும் சிடியும் எத்தனை என்று பார்த்தார்கள். இன்று ஆல்பத்தை முழுசாக விலைக்கு வாங்குகிறவர் சொற்பம் என்பதால், உதிரிக் கேட்புகளைச் சேர்த்து ‘ஆல்பத்துக்குச் சமமான அலகு’ என்று ஆக்குகிறார்கள். சேர்வராயன் மலையில் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத்துக் களத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஐந்தாறு கிலோ காப்பிப் பழத்தைக் கூழ் நீக்கி, உலர்த்தி, தோலெடுத்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும், பழ எடையைச் சொல்கிறீர்களா, கொட்டை எடையைச் சொல்கிறீர்களா என்பது வியாபாரத்தின் முதல் கேள்வி. 2018-ல் பில்போர்டு வகுத்த விகிதப்படி, கட்டணம் செலுத்துகிறவர்களின் 1,250 கேட்புகள் ஓர் அலகாக இருந்தன. இலவசக் கேட்புகள் என்றால் 3,750 வேண்டியிருந்தது. ஆல்பத்திலிருந்து பத்துப் பாடல்கள் தனித்தனியே விற்றாலும் ஓர் அலகு. இந்த விகிதங்களை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், எந்த ஆண்டின் விதி என்பதையும் எழுத வேண்டும். ‘அலகு’ என்று செய்தியில் இருப்பதை ‘பிரதிகள் விற்றன’ என்று மாற்றி எழுதுவது நான் பார்த்ததிலேயே பரவலான பிழை.

ஆல்பங்களைப் பற்றி எழுதும்போது அடைமொழிகளைச் சிக்கனமாக வெட்டிவிட வேண்டாம், பெரும்பாலும் உண்மை அவற்றில்தான் இருக்கும். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பாடகி செலினா மறைந்த பின் 1995 ஜூலையில் வெளியான ‘டிரீமிங் ஆஃப் யூ’ பில்போர்டு 200-ல் முதலிடத்திலேயே நுழைந்தது. அதில் ஆங்கிலப் பாடல்களும் ஸ்பானியப் பாடல்களும் கலந்திருந்தன. ‘முழுக்க ஸ்பானிய மொழியில்’ அமைந்து அந்த உச்சியை அடைந்த முதல் ஆல்பம், 2020-ல் வந்த, புவெர்ட்டோ ரிக்கோப் பாடகர் பேட் பன்னியின் ‘எல் உல்திமோ தூர் தெல் முந்தோ’. அதே சிறப்பைப் பெண் கலைஞர்களில் முதலில் பெற்றவர் கொலம்பியாவின் கரோல் ஜி, 2023-ல் வந்த ‘மஞானா செரா போனித்தோ’ வழியாக. ‘முழுக்க’ என்ற ஒரு சொல் விடுபட்டால் மூன்றும் ஒன்றோடொன்று மோதும்.

தேதிக் குழப்பம்

பட்டியலில் அச்சிட்டிருக்கும் தேதி, பாட்டுக் கேட்கப்பட்ட தேதி அன்று. 2015 முதல் கணக்கு வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிகிறது. அதற்கு அடுத்த வாரத்துச் சனிக்கிழமையின் தேதியைப் பட்டியல் தாங்குகிறது. பேட் பன்னியின் ‘உன் வெரானோ சின் தி’ 2022 மே 6, வெள்ளிக்கிழமை வெளியானது. கணக்கு மே 12, வியாழன் அன்று மூடப்பட்டது. 2,74,000 அலகுகளோடு அது முதலிடத்தில் நுழைந்த பட்டியலின் தேதி மே 21. வெளியான நாளுக்கும் பட்டியல் தேதிக்கும் பதினைந்து நாள் இடைவெளி. அதே கலைஞரின் ‘தெபி திரார் மாஸ் ஃபோத்தோஸ்’ 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதனால் முதல் கணக்கு வாரத்தில் அதற்குக் கிடைத்தது ஐந்தே நாள்; இரண்டாம் இடத்தில் நுழைந்து, முழு வாரம் கிடைத்த மறுவாரம் முதலிடத்துக்கு ஏறியது. கிழமையைப் பார்க்காதவர் இதைப் ‘போகப்போகப் பிடித்துக்கொண்ட ஆல்பம்’ என்று தவறாக விளக்கிவிடக்கூடும்.

பிளாட்டினம் என்ற பொறி

அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. தங்கம், பிளாட்டினம் என்று சான்றிதழ் தருகிறது. பொதுத் திட்டத்தில் தங்கத்துக்கு 5,00,000 அலகுகள், பிளாட்டினத்துக்கு 10,00,000. ஸ்பானிய மொழி இசைக்கு 2000-ல் தொடங்கிய தனித் திட்டத்தில் ‘ஓரோ’ என்ற தங்கத்துக்கு இப்போது 30,000, ‘பிளாத்தினோ’வுக்கு 60,000, ‘தியாமாந்தே’ என்ற வைரத்துக்கு 6,00,000. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து மடங்கு பிளாத்தினோ வாங்கிய பாடல்கூட ஒரு சாதாரண பிளாட்டினத்தை எட்டியிருக்கவில்லை. நகைக்கடையில் 22 கேரட்டா 18 கேரட்டா என்று கேட்காமல் யாரும் நகையைக் கையில் எடுப்பதில்லை. இங்கேயும் ‘எந்தத் திட்டத்துப் பிளாட்டினம்’ என்று கேட்டாக வேண்டும். தனித் திட்டம் தொடங்கியபோது பிளாத்தினோவின் வரம்பு 2,00,000 ஆக இருந்தது, பிறகு இறக்கினார்கள் என்பதால், 2001-ஆம் ஆண்டுப் பிளாத்தினோவும் இன்றையதும் சமமல்ல. மேலும் சான்றிதழ் தானாக வருவதில்லை, இசை நிறுவனம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாததைத் தோல்வி என்று எழுதக் கூடாது.

அமெரிக்காவைத் தாண்டி

இதுவரை சொன்னது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. லத்தீன் இசையின் வீடு அதைவிடப் பெரிது. ஸ்பெயினுக்கு, மெக்சிகோவுக்கு, பிரேசிலுக்கு என்று தனித்தனிச் சங்கங்களின் கணக்குகள் இருக்கின்றன. 1989-ல் ‘லம்பாடா’ பிரான்சில் பன்னிரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடிய கவோமா குழு பிரான்சைச் சேர்ந்தது, வரிகள் போர்ச்சுக்கீசியம், மெட்டு பொலிவியாவின் லோஸ் கியார்காஸ் குழுவிடமிருந்து கேட்காமல் எடுத்தது. அவர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். அமெரிக்காவின் ஹாட் 100-ஐ மட்டும் புரட்டினால் இது இத்தனை பெரிய பாட்டு என்று தெரியாது.

யூடியூப் எண்ணிக்கையை நான் தனிக் கட்டத்தில் வைப்பேன். தெஸ்பாசித்தோவின் காணொளி 2017 ஆகஸ்டிலிருந்து 2020 நவம்பர் வரை உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்டதாக இருந்தது. அது பார்வைக் கணக்கு, எந்த நாட்டுப் பட்டியலுக்கும் ஈடாகாது.

பெயரைத் தமிழில் எழுதுவது

கடைசி வேலை இது, பலரும் அவசரத்தில் விடுவதும் இதுதான். ஸ்பானியப் பெயர்களை ஆங்கிலம் வழியாக வாசித்து எழுதினால் கோணலாகிவிடும். ஜே எழுத்துக்கு ஹ ஒலி, எச் எழுத்துக்கு ஒலியே இல்லை. நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது: தலையில் அலைக்கோடு போட்ட ‘என்’ (ñ) எழுத்துக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து கிடையாது, நம்மிடம் ஞ இருக்கிறது. கரோல் ஜியின் அந்த ஆல்பத்தை ‘மனானா’ என்றோ ‘மன்யானா’ என்றோ எழுதாமல், ‘மஞானா செரா போனித்தோ’ என்று எழுதினால் கேட்பதற்கு அப்படியே இருக்கும். ‘நாளை அழகாக இருக்கும்’ என்பது பொருள். மறுபடி தேடும்போது சிரமப்படாமல் இருக்க, அசல் எழுத்துகளிலும் ஒரு முறை நோட்டில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற முறை நான் கொண்டுபோன தாளில் இப்படி இருந்தது: ‘உன் வெரானோ சின் தி. பேட் பன்னி, புவெர்ட்டோ ரிக்கோ. ஸ்பானியம். வெளியீடு 2022 மே 6. பில்போர்டு 200-ல் மே 21 தேதியிட்ட பட்டியலில் முதலிடத்தில் நுழைவு, 2,74,000 அலகுகள்; அந்த ஆண்டில் முதலிடத்தில் 13 வாரங்கள், விட்டு விட்டு. 2022-ஆம் ஆண்டின் ஒட்டுமொத்த ஆல்பம் பட்டியலிலும் முதலிடம்.’ பெரியவர் வழக்கம்போல் கண்ணாடிக்கு அருகில் பிடித்து, விரலை ஒவ்வொரு எண்ணின் மேலும் வைத்துப் படித்தார். எண்களில் அவருக்குக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு விரலைத் தலைப்புக்குக் கொண்டுபோய், “தம்பி, ‘உன் வெரானோ’ன்னு போட்டிருக்கீங்களே, யாரோட வெரானோங்க அது?” என்று கேட்டார். ஸ்பானிய மொழியில் ‘உன்’ என்றால் ‘ஒரு’ என்றும், முழுத் தலைப்புக்கு ‘நீ இல்லாத ஒரு கோடை’ என்று பொருள் என்றும் சொன்னேன். அதைத் தாளிலேயே எழுதியிருக்கலாமே என்றார். பேனாவை எடுத்துப் பன்னிரண்டு தாளிலும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பாட்டைப் போட விட்டார்.